பதினாலு நாற்காலி அகலம்

அவர் எதையும் ஒரு தடவைதான் அளப்பார். இரண்டாம் தடவை அளந்தால் முதல் தடவைக்கு மரியாதை இல்லாமல் போகும் என்பது அவர் எண்ணம்.

காக்ஸ் டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோ, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எடுப்பார். பேர் வாங்கியது குரூப் போட்டோவில். நான் அல்சூரில் நாற்காலி வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். வீடு ஜோகுபாளையம். படிப்பு ஐந்தாவது. லென்ஸ் பற்றி எனக்குத் தெரியாது. நாற்காலி தெரியும். அதனால் அவரைப் பற்றி நாற்காலியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

குரூப் போட்டோ இருந்தால் கடைக்கு வருவார். எத்தனை பேர் என்று முதலாளி கேட்பார். அதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். பதினாலு என்பார். நாற்பது பேர் நின்றாலும் பதினாலு. நூறு பேர் நின்றாலும் பதினாலு. முன்னால் பதினாலு நாற்காலி, பின்னால் நிற்கிற வரிசை, அதற்குப் பின்னால் பெஞ்சு மேல் ஒரு வரிசை. ஆள் கூடினால் தரையில் ஒரு வரிசை. ஆழம் மாறும். அகலம் மாறாது.

காரணம், அவரிடம் இருபத்தினாலு என்று நம்பர் போட்ட ஒரு லென்ஸ் இருந்தது. வைட் லென்ஸ். நம்பர் குறையக் குறைய அகலம் கூடும் என்று ஒரு முறை சொன்னார். ஏழு தப்படி தள்ளி நின்றால் அந்த லென்ஸில் எங்கள் கடை நாற்காலி பதினாலு அடங்கும். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் நிற்கும். அதை என்றைக்கோ அளந்துவிட்டார்.

எங்களுடையது இரும்பு மடக்கு நாற்காலி. பிளாஸ்டிக் வந்ததும் முதலாளி இரும்பையெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போட ஆரம்பித்தார். இவர் ஓடி வந்தார். பதினாலை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார். பிளாஸ்டிக்கில் கை வெளியே தள்ளிக்கொண்டு இருக்கிறது, பதினாலு அடங்காது என்றார். மறுபடி ஒரு தடவை அளந்துகொண்டால் தீர்ந்தது என்றார் முதலாளி.

"அளந்தாச்சு" என்றார் இவர்.

அந்தப் பதினாலும் அவருக்காகவே கடை மூலையில் கிடந்தன. முதலாளி அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

பேண்ட்டும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் காக்ஸ் டவுனில் ஒரு டெய்லரிடம் அளவு கொடுத்தார். அதற்கப்புறம் எத்தனை பேண்ட் தைத்தாலும் அதே அளவு. வயிறு வளர்ந்தது. அளவு வளரவில்லை. டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தால் கையைத் தட்டிவிடுவார். கடைசியில் டெய்லரே இரக்கப்பட்டு, கேட்காமல் ஓர் அங்குலம் விட்டுத் தைத்தார். இவர் வீட்டுக்குப் போய் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அளவு தப்பு என்று சொல்லி அந்த அங்குலத்தைப் பிடிக்க வைத்தார். பேண்ட் வயிற்றுக்குக் கீழே தொங்கியபடி கடைசி வரை காலம் தள்ளியது.

ஸ்டுடியோவில் ஒரு பீரோ இருந்தது. அதுவும் இந்த ரகம்தான். உள் அறைக்கு என்று வாங்கியது. கதவு அகலத்தைக் கட்டடம் பூசுவதற்கு முன்னால் அளந்து வைத்திருந்தார். பீரோ வரும்போது பூசியாகிவிட்டது. பீரோ நடையிலேயே நின்றது. போட்டோ எடுக்க வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனார்கள். இரண்டு பேர் உள்ளே போக முடியாமல் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பீரோவும் சரியான அளவு, கதவும் சரியான அளவு, சிமெண்டுதான் அதிகம் என்று அவர் சொன்னார்.

இதெல்லாம் அவர் சொந்தக் கஷ்டம். ஊருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒரே ஒரு தடவைதான் அவர் அளவு இன்னொருத்தர் வயிற்றில் கை வைத்தது.

பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனி. ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்த பிறகு குரூப் போட்டோ. வருஷா வருஷம் இவர்தான். ஓசூர் ரோட்டில் நாற்காலிக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எங்கள் பதினாலும் அல்சூரிலிருந்து டெம்போவில் போகும். நாற்காலிகள் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். முன்னால் டிரைவர் பக்கத்தில் அவர், மடியில் கேமரா பையோடு. சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று போய்ச் சேருவோம்.

கம்பெனி முகப்பில் பெரிய ஷட்டர் ஒன்று. அதற்கு மேலே சுவர் நெடுக ஐந்து விளக்குகள். பால் வெள்ளையில் உருண்டை விளக்குகள். ஷட்டருக்கு முன்னால் நாற்காலி போடுவேன். எதிரே ஏழு தப்படியில் ஒரு கல். முதல் வருஷமே அதற்கு நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார். ஸ்டாண்டின் கால் அந்தக் கல் மேல். கல்லுக்குப் பின்னால் ஓரடி இடம். அப்புறம் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை.

கேமராவை மாட்டிய பிறகு அதற்குள் பார்க்க மாட்டார். அளந்தாகிவிட்டது, பார்க்க என்ன இருக்கிறது. கேமரா பக்கத்தில் நின்று, அதிலிருந்து வரும் ஒயரைக் கையில் பிடித்துக்கொள்வார். ஆட்களின் கண்ணைப் பார்ப்பார். மூன்று வரை எண்ணப் போவதாகச் சொல்லி, இரண்டிலேயே அமுக்கிவிடுவார். மூன்று என்றால் ஜனம் கண்ணை மூடும் என்பார். மூன்றுக்காகக் காத்திருந்த முகங்கள்தான் அவர் படம் எல்லாவற்றிலும் இருக்கும். எல்லாரும் உஷாராக, கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருப்பார்கள்.

ஆளை நிறுத்துவதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். குண்டானவர்கள் நடுவில். ஒல்லியானவர்கள் ஓரத்தில். அழகுக்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அஞ்சலா அங்கே பெருக்கித் துடைக்கிற பெண். காண்டிராக்டில் வந்தவள். சின்ன உருவம், ஒட்டிப்போன கன்னம். முதல் வருஷம் போட்டோவுக்கு வராமல் பக்கெட்டோடு ஒதுங்கி நின்றாள். இவர் கூப்பிட்டு இடது கோடியில், முதல் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். இங்கே நின்றால் உனக்கு நன்றாக வரும் என்றார். வந்தது. படத்தில் அவள் கன்னம் நிரம்பி, தோள் அகன்று, நாலு வேளை சாப்பிடுகிறவள் மாதிரி இருந்தாள். அடுத்த வருஷம் அவளே போய் அங்கே நின்றுகொண்டாள். நான் நாற்காலி விரிக்கும்போது ஒரு வருஷம் சொன்னாள்: "போட்டோல மட்டும் நான் ஷோக்கா கீறேண்ணா. எங்க அம்மா பாத்துட்டு, நல்ல எடத்துல வேல செய்றன்னு சொல்லுச்சு."

அவளுக்கு முன்னால், அந்த முதல் நாற்காலியில், பர்சனல் ஆபீசர் உட்காருவார். கன்னடக்காரர். அதிகாரிகளில் கடைசி அதிகாரம் அவருடையது. அதனால் கோடி நாற்காலி. நேரில் பார்த்தால் சாதாரண உடம்புதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் படம் வந்ததும் அவர் முகம் வாடும். மூன்றாவது படத்துக்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஐந்தாவது படத்துக்கப்புறம் நெய்யை விட்டார். ஏழாவது படத்தில் அப்படியேதான் இருந்தார்.

படங்களை ஃபிரேம் போட்டு ஆபீஸ் நடையில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைப்பது அஞ்சலா வேலை.

ஒன்பது படம் ஆனபோது கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். காண்டிராக்டில் பத்து வருஷம் இருந்தவர்களை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். சம்பளச் சீட்டு, பி.எஃப், இ.எஸ்.ஐ கார்டு, யூனிபாரம் எல்லாம் உண்டு. யார் பத்து வருஷம் என்பதில்தான் சிக்கல். காண்டிராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ரிஜிஸ்டர் யாரிடமும் இல்லை. இருந்தாலும் நம்ப முடியாது. அக்கா வராவிட்டால் தங்கச்சியை அதே பேரில் அனுப்புவது காண்டிராக்டர் வழக்கம். மேனேஜர் நடையில் நின்று படங்களைப் பார்த்தார். இந்த ஆயுத பூஜையோடு பத்துப் படம் ஆகிறது, பத்திலும் இருக்கிறவர்கள் நிரந்தரம் என்றார். அந்தக் கம்பெனியில் அதைவிட ஒழுங்காக யாரும் எதையும் பதிந்து வைத்ததில்லை.

ஒன்பதிலும் இருந்த காண்டிராக்ட் ஆட்கள் இரண்டு பேர். கேன்டீன் சமையல்காரர் ஒருவர். குண்டு, அதனால் எப்போதும் நடுவில். இன்னொன்று அஞ்சலா. இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு. புருஷன் கிடையாது. தினமும் கண்ணாடி துடைக்கும்போது எண்ணுவாளாம்.

அதே வருஷம்தான் இவர் டிஜிட்டல் கேமரா வாங்கினார்.

சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடை. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு வந்த டெம்போவில் நானும் கூடப் போனேன். பழைய கேமராவை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுத்தார்கள். லென்ஸ் எல்லாம் பழையதே மாட்டலாம். கடைக்காரர் பொறுமையான மனிதர். உள்ளே ஃபிலிம் கிடையாது, ஒரு சில்லுதான், ஃபிலிமைவிடச் சின்னது, அதனால் உங்கள் லென்ஸ் ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்றார். இருநூறு நம்பர் லென்ஸைப் போட்டால் முந்நூறு மாதிரி கிட்ட இழுக்கும்.

"லென்ஸ் மாத்தாமலா?" என்று கேட்டார் இவர்.

"மாத்தாமதான் சார். சும்மா கெடைக்குது."

அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில் தூரத்துப் பாதிரியாரைப் பக்கத்தில் இழுக்க இனி சர்ச் நடுவழியில் ஓட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். கடைக்காரர் விடவில்லை. வைடுக்கு மட்டும் வேறு லென்ஸ் வேண்டும், இந்தச் சில்லுக்கென்றே பன்னிரண்டு, பதினாறு என்று வருகிறது, குரூப் எடுக்கிறவர் வாங்கிக்கொள்வது நல்லது என்றார்.

"இருபத்தினாலு இருக்குது. அளந்தாச்சு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு பக்கம் கிட்ட இழுத்தால் இன்னொரு பக்கம் அகலம் போகும். சும்மா கிடைத்த அரை மடங்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கேமராவின் முதுகில் படம் தெரிகிற ஒரு சின்னத் திரை இருந்தது. ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தை முகத்தை எடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் திரையைப் பார்க்க மேலே விழுந்தார்கள். குழந்தையின் தாத்தா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். நெரிசலில் அது உடைந்தது. இனி இந்தத் தொல்லை வேண்டாம் என்று திரை மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

ஆயுத பூஜை. டெம்போ, சில்க் போர்டு, பொரி, பூசணிக்காய். பதினாலு நாற்காலி போட்டேன். நீலக் கல்லில் ஸ்டாண்டை ஊன்றினார். இருபத்தினாலை மாட்டினார். கேமராவுக்குள் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்தார். அஞ்சலா புதுப் புடவையில், அவள் இடத்தில். தலையில் கனகாம்பரம். இரண்டில் அமுக்கினார். எல்லாம் ஒன்பது வருஷமாக நடந்த மாதிரியே நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடைக்கு வந்தார். கையில் சுருட்டிய பிரிண்ட். முதலாளி இல்லை. தரையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு செங்கல் வைத்தார்.

நான் நாற்காலியை எண்ணினேன். முழு நாற்காலி எட்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வெட்டுப்பட்டு, முக்கால்வாசி தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பர்சனல் ஆபீசர் இல்லை. அஞ்சலா இல்லை. சமையல்காரர் நடுவில் திருப்தியாக நின்றார்.

லென்ஸ் கெட்டுப்போயிருக்கும் என்றார். யாராவது கல்லை நகர்த்தியிருப்பார்கள் என்றார். கல் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது எனக்குத் தெரியும்.

கடைக்காரர் சொன்ன ஒன்றரை மட்டும் என் மனதில் இருந்தது. எனக்கு வகுத்தல் வராது. மூலையிலிருந்து பதினாலு நாற்காலியையும் எடுத்து வரிசையாகப் போட்டேன். நாற்காலி ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு பெரிதானால், முன்னால் மூன்று பிடித்த இடத்தில் இப்போது இரண்டுதான் பிடிக்கும். மூன்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே வந்தேன். நாலு நாற்காலி போயிற்று. கடைசியில் மிஞ்சிய இரண்டில், ஒன்றில் பாதிக்கு மேல் போக வேண்டும். கீழே நின்றதை அவரே எண்ணினார். ஒன்பதும் கொஞ்சமும். படத்தில் இருந்ததும் அதுதான். எட்டு முழுசு, இரண்டு வெட்டு.

அவர் மிச்சமிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கேமராவில் கோளாறு இல்லை. லென்ஸில் இல்லை. அவர் அளவிலும் இல்லை. உள்ளே ஃபிலிம் இருந்த இடம்தான் சின்னதாகியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தே படம் தப்பாக வந்தது. பீரோ மாதிரி.

பழைய கேமராவில் எடுத்தால் போயிற்று என்றேன். அதைத்தான் கொடுத்தாகிவிட்டதே. கடைக்குப் போய்க் கேட்டோம். முந்தின நாள்தான் யாரோ வாங்கிக்கொண்டு போனார்களாம். பன்னிரண்டு நம்பர் லென்ஸ் வர ஒரு மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். வேறெதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

மேனேஜரிடம் போய் கேமராவில் சின்னக் கோளாறு என்று இவர் சொன்னார். சனிக்கிழமை ஷிப்ட் மாறும்போது இன்னொரு தடவை எடுத்துக்கொள்ள மேனேஜர் சம்மதித்தார்.

அகலம் போனால் உயரத்தில் எடுக்கலாம் என்றேன் நான். எட்டு நாற்காலி, பின்னால் ஒரு பெஞ்சு, அதன் பின்னால் மேஜை, மேஜை மேல் பெஞ்சு. எல்லாம் கொண்டுபோனேன். சாமான் பிரச்சினை இல்லை. பதினாலு அதிகாரிகள் இருந்தார்கள். எட்டு நாற்காலி இருந்தது. யார் எழுந்து நிற்பது என்று கால்மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஸ்டோர்ஸ் அதிகாரி, தான் பர்ச்சேஸ் அதிகாரிக்கு முன்னால் சேர்ந்தவர் என்று சொல்லி உட்கார்ந்தார். பர்ச்சேஸ் அதிகாரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, நாற்காலியே வேண்டாம், எடு என்றார். எடுத்தேன். அந்தக் கம்பெனியில் எல்லாரும் சமமாக நின்றது அன்றைக்குத்தான்.

குள்ளமானவர்கள் முன்னால். இவருக்கு அஞ்சலாமேல்தான் கண். ஓரம் என்றால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவள் வழக்கம்போல இடது கோடிக்குப் போனாள். இவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முதல் வரிசையில், நட்ட நடுவில், மேனேஜருக்கு முன்னால் நிறுத்தினார். எந்த லென்ஸ் எவ்வளவு வெட்டினாலும் நடுவை வெட்ட முடியாது. கேமராவுக்குள் பார்த்தார். டேப்பைப் பிய்த்துவிட்டுத் திரையையும் பார்த்தார். இரண்டில் அமுக்கினார்.

படம் சுத்தமாக வந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த வாரம் மேஜையையும் பெஞ்சையும் எடுத்துவர டெம்போவில் போனேன். ஃபிரேமைக் கொடுக்க அவரும் வந்தார். பர்சனல் ஆபீசர் அறை வாசலில் அஞ்சலா நின்றிருந்தாள். கையில் பக்கெட் இல்லை. உள்ளே மேஜை மேல் பத்துப் படமும் கிடந்தன. ஆபீசர் கையில் பூதக்கண்ணாடி.

சமையல்காரர் பத்திலும் ஒரே மாதிரி இருக்கிறார், அவர் பேரை எழுதியாகிவிட்டது என்றார். இந்தப் பெண் பத்தாவதில் மட்டும்தான் இருக்கிறாள். மற்ற ஒன்பதில் ஓரத்தில் நிற்பவள் வேறு ஆள். அக்காவோ தங்கச்சியோ, காண்டிராக்டர் அனுப்பியவள். அவள் சதைப்பிடிப்பானவள். இவள் எலும்பு. கூட வேலை செய்கிறவர்கள் வந்து சாட்சி சொன்னார்களாம். நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், படம் சொல்ல வேண்டும் என்று அனுப்பிவிட்டார். ஆபீசர் கெட்டவர் இல்லை. கணக்காக இருப்பவர்.

"நான்தான் சார் அது" என்றாள் அஞ்சலா. "எனக்குப் போட்டோலதான் சார் சதை."

ஆபீசர் தலையை ஆட்டினார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்கிற மாதிரி.

இவர் வயிற்றுக்குக் கீழே இருந்த பேண்ட்டை ஒரு தடவை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மேஜை மேல் இருந்த ஸ்கேலை எடுத்தார்.

"சார், ஆளை விடுங்க. மேல இருக்கிற லைட்டைப் பாருங்க."

பழைய படம் ஒன்றை இழுத்தார். ஷட்டருக்கு மேலே ஐந்து விளக்குகள். நடு விளக்கை ஸ்கேலால் அளந்தார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். இரண்டும் ஒன்று. உருண்டை. கோடி விளக்கை அளந்தார். இடமிருந்து வலம் அதிகமாக இருந்தது. கண்ணாலேயே தெரிந்தது. அது முட்டை. இன்னொரு படம். அதிலும் நடுவில் உருண்டை, கோடியில் முட்டை. ஒன்பது படத்தையும் அளந்தார். நான் ஒன்பது வருஷமும் அந்த விளக்குக்குக் கீழேதான் நாற்காலி போட்டிருக்கிறேன். விளக்கு ஐந்தும் உருண்டைதான். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். ஆபீசர் எழுந்துபோய்ப் பார்த்தார்.

"வைட் லென்ஸ் ஓரத்துல இருக்கறதை இழுக்கும் சார். விளக்கை இழுக்கும். தலையை இழுக்கும். இழுத்தா அகலமா தெரியும். எனக்கு முதல்லயே தெரியும். ஒல்லியான ஆளுங்களை ஓரத்துல நிறுத்தறது அதுக்குத்தான். இந்தம்மா கன்னம் ஒட்டி இருந்துச்சு. கொஞ்சம் பூசினாப்ல வரட்டும்னு நான்தான் நிறுத்தினேன். பத்தாவது படத்துல நடுவுல நிறுத்தினதும் நான்தான். நடுவுல இழுக்காது."

அஞ்சலா அவரைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்குக் கன்னம் கொடுத்தது சாப்பாடும் இல்லை, அழகும் இல்லை, ஒரு கண்ணாடித் துண்டு என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆபீசர் பூதக்கண்ணாடியைப் பழைய படத்தின் மேல் வைத்தார். அஞ்சலா மேல் இல்லை. அவளுக்கு முன்னால் இருந்த நாற்காலி மேல். அதில் அவர் இருந்தார்.

"அப்போ நானு?"

"நீங்களும்தான் சார். அதே ஓரம்."

"நான் இவ்ளோ தப்பா இல்லையா?" தப்பா என்றால் கன்னடத்தில் குண்டு.

"இல்ல சார்."

"ஹௌதா? நிஜமாவா?"

"கால் பங்கு என் லென்ஸ் சார்."

ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தார். ஒன்பது வருஷத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. ஷெட்டைச் சுற்றி நடந்தது, நெய் இல்லாத தோசை எல்லாம். என்னை ஏன் அங்கே உட்காரவைத்தாய் என்று இவரைக் கேட்டார். நாற்காலி போடுவது நான் இல்லை, அவன் என்று இவர் என்னைக் காட்டினார். ஆபீசர் என்னை முறைத்தார். நான் பெஞ்சை எடுக்கப் போனேன்.

திரும்பி வரும்போது ஆபீசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படங்களில் எல்லாம் இருப்பது ஒரே ஆள்தான், ஓரத்துப் படத்தில் உடம்பு அகலமாகத் தெரிவது லென்ஸால் என்று கீழே தெளிவாக எழுதியிருந்தாராம். அஞ்சலாவுக்காக எழுதியதுதான். அதையே டைப் அடித்து ஒரு காப்பி வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனதாகச் சமையல்காரர் பிறகு சொன்னார்.

அல்சூரில் டெம்போவிலிருந்து இறங்கும்போது அவர், அந்த ஸ்கேல் சரியான ஸ்கேல்தானா என்று கேட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் அந்தச் சின்ன நம்பர் லென்ஸ் வந்திருந்தது. வளையத்தைத் திருப்பினால் அதில் நம்பர் மாறும்; பதினாறில் வைத்தால் புது கேமராவில் பழைய இருபத்தினாலின் அகலம் வரும். முந்தின நாள் டேப் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து நாற்காலியை அளந்தார். லென்ஸ் மாறியது. பேண்ட் மாறவில்லை.

"பதினாலு" என்றார்.

கொண்டுபோனேன். நீலக் கல். பதினாலு நாற்காலி போட்டேன். அதிகாரிகள் வந்தார்கள். இந்தத் தடவை ஆங்கிலம் பேசவில்லை. நேராக நடு நாற்காலிகளுக்கு நடந்தார்கள். விளக்கு விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. ஆபீசர் ஆறாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் பின்னால் நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு நாற்காலி காலியாக இருந்தது. எடுத்துவிடு என்றார் மேனேஜர்.

"பதினாலு அளந்தாச்சு சார்" என்றார் இவர்.

அஞ்சலா யூனிபாரத்தில் இருந்தாள். மற்றவர்கள் நகர்ந்தும் அவள் மட்டும் பழைய இடத்தில், இடது கோடியில், காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நல்லா பின்னால் சாய்ந்து உட்காரும்மா, இழுக்கட்டும் என்றார் இவர். சிரித்துவிட்டாள்.

வலது கோடிக்குச் சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கேன்டீனுக்குள் ஓடிவிட்டார்.

"ஏம்பா, நீ ஒல்லிதானே. போய் உக்காரு" என்றார் இவர் என்னிடம்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலிகளை விரித்து மடக்கியிருக்கிறேன். ஒரு நாளும் போட்டோவுக்கு உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். மூன்று வரை எண்ணுவதாகச் சொன்னார். எனக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் இரண்டில் ஏமாந்தேன்.

அவர் இப்போது இல்லை. அந்தப் படம் ஜோகுபாளையத்தில் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒரு கோடியில் அஞ்சலா, கன்னம் நிறைய. மறு கோடியில் நான், நல்ல குண்டாக. அந்தக் காலத்தில் உனக்கு நல்ல சாப்பாடு போல என்று வருகிறவர்கள் சொல்வார்கள். ஆமாம் என்பேன்.